சாப்பாட்டு மேசையில் ஒரு ஸ்டாப்வாட்ச்

பள்ளிக்கூடத்திலிருந்து வந்த கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். முதல் முறை, எழுதியிருப்பதைத் தெரிந்துகொள்ள. இரண்டாம் முறை, எழுதாமல் விட்டது என்ன என்று தேட.

கடிதம் மலாயில் இருந்தது. மூன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகள் வகுப்பில் கேள்வி கேட்டால் பதில் சொல்வதில்லை. ஆறு மாதமாக இப்படித்தான். ஆகவே உளவியல் அதிகாரி ஒருவர் அடுத்த மாதம் அவளைச் சோதிப்பார். முடிவைப் பொறுத்து, ஜனவரியில் அவளை வேறொரு பள்ளியில் நடக்கும் சிறப்பு வகுப்புக்கு மாற்றுவது பற்றித் தீர்மானிக்கப்படும். கீழே தலைமையாசிரியரின் கையெழுத்து, நீல மையில்.

அந்தச் சிறப்பு வகுப்பை நான் பார்த்திருந்தேன். பஸ் அந்த வழியாகத்தான் போகும். கேன்டீனுக்குப் பின்னால் ஓர் அறை, சன்னல்களில் கம்பி வலை. ஏழு வயதுப் பிள்ளையும் மீசை அரும்பிய பையனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் கிழித்து ஒட்டிக்கொண்டிருப்பார்கள். சுங்கை பினாங்கில் எங்கள் அடுக்குமாடியிலிருந்து இரண்டு பிள்ளைகள் அங்கே போயிருந்தார்கள். இருவரும் பழைய பள்ளிக்குத் திரும்பவில்லை.

துறைமுகக் கிடங்கில் வேலை செய்த என் கணவர் கடிதத்தை வாசித்துவிட்டு மேசையில் வைத்தார்.

"இவளா பேசல? நேத்து என்கிட்ட பூனையப் பத்தி அரை மணி நேரம் பேசினாளே."

"அது பூனை. கேள்வி இல்ல."

"போய்க் காட்டிட்டு வாம்மா. படிச்சவங்க பாப்பாங்க."

எனக்குப் பயமே அதுதான். படித்தவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நானே அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

கடலுக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில், ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஆளெடுக்கும் பிரிவில் நான் கிளார்க். எழுபதுகளின் நடுவில் சேர்ந்தவள். காலையில் ஃபெரி, அந்தப் பக்கம் இறங்கியதும் கம்பெனி பஸ். திங்கட்கிழமைகளில் வேலை கேட்டு வரும் பெண்களை இருபது இருபது பேராகக் கேன்டீனில் உட்கார வைத்துப் பரீட்சை நடத்துவேன். துளை போட்ட பலகையில் ஊசிகளைச் செருக வேண்டும். வரிசையாக இருக்கும் வடிவங்களில் மாறுபட்ட ஒன்றை வட்டமிட வேண்டும். "மூலாய்", அதாவது தொடங்கு, என்று மலாயில் சொல்லி ஸ்டாப்வாட்சை அழுத்துவேன். "பெர்ஹெந்தி", நிறுத்து, என்றால் பென்சிலைக் கீழே வைத்துவிட வேண்டும். வைக்காதவள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி.

வெளிநாட்டு நிபுணர்கள் தயாரித்தது என்று பரீட்சைப் பெட்டியின் மேல் அச்சிட்டிருந்தது. உள்ளே ஓர் அட்டவணையும் இருந்தது. ஆனால் தேறியவர்களையும் தேறாதவர்களையும் பிரிக்கும் கோட்டை எங்கே போடுவது என்று அட்டவணை சொல்லவில்லை, மேனேஜர்தான் சொல்வார். ஆள் நிறைய வேண்டிய மாதம் கோடு கீழே இறங்கும். ஆர்டர் குறைந்தால் மேலே ஏறும். போன மாதம் வந்திருந்தால் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியிருப்பவள், இந்த மாதம் வந்ததால் ஆகாதவள் ஆகிவிடுவாள். ரூலர் வைத்துக் கோடு இழுத்தவள் நான். அதனால், "முடிவைப் பொறுத்து" என்ற சொற்களின் கீழே என் விரல் நின்றது. என் மகளுக்கான ரூலர் யார் கையில் இருக்கிறது?

இன்னொன்றும் அந்தத் தொழிற்சாலையில் பார்த்திருந்தேன். நான் சேர்ந்து இரண்டு மூன்று வருடம் இருக்கும். நுண்ணோக்கியில் கண் வைத்து வேலை செய்துகொண்டிருந்த ஒரு பெண், ஒரு மத்தியானம், கறுப்பாக ஏதோ ஒன்று கண்ணாடிக்குள் நிற்கிறது என்று அலறினாள். பக்கத்தில் இருந்தவள் அலறினாள். பத்து நிமிடத்தில் அந்த வரிசையே தரையில் கிடந்தது. நிர்வாகம் முதலில் பொமோவை அழைத்து வந்தது. அந்த மலாய் மந்திரவாதி இயந்திரங்களின் மேல் மஞ்சள் அரிசி தூவிவிட்டுப் போனார். அடுத்த முறை நடந்தபோது டாக்டர் வந்தார். மாத்திரை கொடுத்து, 'ஹிஸ்டீரியா' என்று எழுதினார். அதற்கும் அடுத்த முறை தலைமையகத்திலிருந்து டை கட்டிய ஒருவர் வந்தார். அவர் அந்தப் பெண்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. என் பரீட்சைப் பெட்டியில் ஒரு புதிய தாளைச் சேர்த்தார். ஆம், இல்லை என்று பதில் போட வேண்டிய கேள்விகள். காரணமில்லாமல் பயம் வருவதுண்டா? பிறர் உங்களைக் கவனிப்பதாகத் தோன்றுவதுண்டா? ஆம் அதிகம் போட்டவர்களை எடுக்க வேண்டாம்.

பயம் தொழிற்சாலையில் இருந்ததா, பெண்கள் கொண்டு வந்ததா என்று யாரும் கேட்கவில்லை. பெண்கள்தான் கொண்டு வந்தார்கள் என்று அந்தத் தாள் முடிவு கட்டிவிட்டது. ஒருநாள் கதவைச் சாத்திக்கொண்டு அதை நானே நிரப்பிப் பார்த்தேன். எனக்கு அங்கே வேலை கிடைத்திருக்காது.

கடிதம் வந்த வாரம் சௌராஸ்தா சந்தை மாடியிலிருந்த பழைய புத்தகக் கடைக்குப் போய், உளவியல் என்று போட்ட ஆங்கிலப் புத்தகங்களில் ஆகத் தடியானதை வாங்கி வந்தேன். யாரோ கல்லூரியில் படித்துவிட்டுப் போட்டது. அட்டையை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று காலண்டர் தாளால் உறை போட்டேன். ஃபெரியில் போக ஒரு பகுதி, வர ஒரு பகுதி என்று வாசித்தேன்.

கூட வேலை செய்யும் பெண் ஒருத்திக்குப் பொறுக்கவில்லை.

"என்னக்கா அது, குண்டு புத்தகம்?"

"சமையல்."

"இவ்வளவு பெருசா? எந்த ஊரு சமையல்லா அது?"

"ஜெர்மனி."

பொய்யும் இல்லை. முதல் அத்தியாயம் ஜெர்மனியில்தான் தொடங்கியது. மனம் என்றால் என்ன என்று அதுவரை தத்துவவாதிகள் நாற்காலியில் சாய்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பகுதியில், அங்கே ஒரு பேராசிரியர் மனதைச் சோதனைச்சாலைக்குள் கொண்டு வந்தார். எப்படிக் கொண்டு வந்தார் என்பதற்குப் படம் போட்டிருந்தது. பித்தளையில் ஒரு கருவி, பல் சக்கரங்கள், ஒரு முள். மணிச் சத்தம் கேட்டதும் பொத்தானை அழுத்த வேண்டும். சத்தத்துக்கும் விரலுக்கும் இடையே எவ்வளவு நேரம் ஆகிறது என்பதைக் கருவி காட்டும். அந்த இடைவெளிக்குள்தான் மனம் இருக்கிறது என்று எண்ணியிருக்கிறார்கள்.

படத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. என் கைப்பையில் இருந்த ஸ்டாப்வாட்சுக்குத் தாத்தா இது.

பிறகு வாசிக்க வாசிக்கச் சிரிப்பு போய்விட்டது. நேரத்தை அளப்பதோடு, தன் மனதைத் தானே உற்றுப் பார்த்து அதில் தெரிவதைச் சொல்லும்படியும் ஆட்களைப் பழக்கினார்கள். ஒரு சோதனைச்சாலையில் தெரிந்தது இன்னொன்றில் தெரியவில்லை. சண்டை. அடுத்து வியன்னாவில் ஒரு டாக்டர் வந்து, நீ உற்றுப் பார்ப்பதெல்லாம் மேல்தளம், உண்மையானது உனக்கே தெரியாமல் கீழே கிடக்கிறது என்றார். அதற்குள் அமெரிக்காவில் வேறொரு கூட்டம் கிளம்பி, மேலும் இல்லை கீழும் இல்லை, மனம் என்ற சொல்லையே எடுத்துவிடுங்கள், கண்ணுக்குத் தெரியும் நடத்தையை மட்டும் பேசுங்கள் என்றது. அந்தக் கூட்டத்தில் ஒருவர், பயம் எப்படி வருகிறது என்று காட்ட, ஒரு கைக்குழந்தை வெள்ளெலியைத் தொடப் போகும்போதெல்லாம் அதன் முதுகுக்குப் பின்னால் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் அடித்திருக்கிறார். குழந்தை எலிக்குப் பயப்படக் கற்றுக்கொண்டது. அந்தப் பயத்தைத் திரும்ப எடுத்தார்களா என்று பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். எடுக்கவில்லையாம். கடைசி அத்தியாயங்களில் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. அதன் துணையோடு மனமும் திரும்பி வந்துவிட்டது.

தகப்பன் சொன்னதைப் பிள்ளை தப்பென்று சொல்லும் குடும்பத்தில் பெண் கொடுப்பதற்கே நம்மவர்கள் யோசிப்பார்கள். நான் என் பெண்ணையே ஒப்படைக்கப் போகிறேன்.

அறிவை அளக்கும் பரீட்சையின் கதையைப் பென்சிலால் கோடு போட்டு வாசித்தேன். பிரான்சில், பள்ளியில் பின்தங்கும் பிள்ளைகளைக் கண்டுபிடித்துக் கூடுதலாகச் சொல்லிக்கொடுப்பதற்காகத்தான் அது பிறந்ததாம். இது மாறாத அளவு இல்லை, அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று செய்தவரே எச்சரித்திருக்கிறார். கடல் தாண்டி அமெரிக்காவுக்குப் போனதும் அந்த எச்சரிக்கை கப்பலிலேயே தங்கிவிட்டது. அங்கே பட்டாளத்துக்கு ஆட்களைத் தரம் பிரிக்க அதைப் பயன்படுத்தினார்கள். பிழைக்க வந்து துறைமுகத்தில் இறங்கியவர்களுக்குக் கட்டைத் துண்டுகளைக் கொடுத்துச் சேர்க்கச் சொல்லி, சேர்க்கத் தெரியாதவர்களைப் புத்தி குறைந்தவர்கள் என்று எழுதினார்கள். என் தாத்தா நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வந்து, நோய் உண்டா என்று சோதிக்கும் ஜெரஜாக் தீவில் இறங்கியபோது கண்ணையும் நாக்கையும் மட்டும்தான் பார்த்தார்களாம். கட்டையைக் கொடுத்திருந்தால் அவர் அதை அடுப்புக்கு எடுத்து வைத்திருப்பார்.

இன்னொரு பக்கத்தையும் மடக்கி வைத்தேன். பேசாமல் ஒதுங்கி இருக்கும் பிள்ளைகளைப் பற்றியது. ஒரு காலத்தில், தாயின் மனம் குளிர்ந்து கிடப்பதால்தான் பிள்ளை அப்படி ஆகிறது என்று டாக்டர்களே நம்பியிருக்கிறார்கள். பிறகு அது தப்பென்று விட்டுவிட்டார்களாம். விட்டுவிட்டார்கள் என்று புத்தகம்தானே சொல்கிறது.

இவ்வளவையும் வாசித்தவள் என்ன செய்திருக்க வேண்டும்? பள்ளிக்குப் போய்ப் பேசியிருக்கலாம். மகளிடமே கேட்டிருக்கலாம். நான் என் பெண்ணுக்கு டியூஷன் எடுத்தேன்.

புத்தகத்தின் பின்பகுதியில் பரீட்சையின் மாதிரிகள் இருந்தன. சிவப்பும் வெள்ளையுமான ஒன்பது கட்டைகளை வைத்து, காட்டும் படத்தைப் போலவே அடுக்க வேண்டும். படத்தில் எது குறைகிறது என்று சொல்ல வேண்டும். கடையில் யாரோ தவறவிட்ட பர்ஸ் கிடைத்தால் என்ன செய்வாய் என்பது போன்ற கேள்விகளும் இருந்தன. அதோடு, கம்பெனி கைவிட்ட பழைய பரீட்சைப் பெட்டி ஒன்று அலுவலக அலமாரியின் அடித்தட்டில் கிடந்தது. அதை ஒரு பழைய பட்டிக் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டு வந்தேன். பத்து வருட வேலையில் நான் சொல்லாமல் எடுத்த ஒரே பொருள்.

கட்டைகளைக் கணவர் செய்து கொடுத்தார். துறைமுகத்தில் உடைந்த பலகையை அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெயின்ட் அடித்து வராந்தாவில் காயவைத்தார்.

"ஏம்மா, மூளையச் சோதிக்கிறதுக்குக் கூடவா டியூஷன்?"

"எல்லாப் பரீட்சைக்கும் டியூஷன் இருக்கு. இதுக்கு மட்டும் இல்லாம இருக்குமா? மத்த அம்மாமாருங்க வெளிய சொல்ல மாட்டாங்க, அவ்வளவுதான்."

"சரிங்க, சூப்பர்வைசர்."

அந்தப் பெயரை அவர் எனக்கு வைத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்ததிலிருந்தே வீட்டுப்பாடத்துக்கு ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டிருந்தேன். அலுவலகத்தில் புதிது வந்தபோது பழையதை எனக்கே தந்துவிட்டார்கள். சாப்பாட்டு மேசையில் பிஸ்கட் டின்னுக்குப் பக்கத்தில் அதற்கு ஓர் இடம் இருந்தது. வாய்பாட்டில் கேள்வி ஒன்றுக்குப் பத்து நொடி. மூன்றாம் வகுப்பில் ஐந்து நொடி. தாண்டிச் சொன்னால், சரியாகவே சொன்னாலும், கணக்கில் வராது. பக்கத்து வீடுகளில் பிரம்பு வைத்திருந்தார்கள். நான் அடித்ததே இல்லை என்று பெருமையாக இருந்தேன்.

மூன்று வாரம், தினமும் மாலை ஆறு மணிக்கு, கட்டைகள். முதல் வாரம் தடுமாறினாள். மூன்றாம் வாரம் படத்தைப் பார்க்காமலே அடுக்கினாள். கேள்விகளுக்கு விடைகளை மனப்பாடம் செய்யவைத்தேன். பர்ஸ் கிடைத்தால் கல்லாவில் இருப்பவரிடம் கொடுப்பேன். ஒருநாள் நான் வாய் திறப்பதற்குள்ளேயே, "கல்லாவுல குடுப்பேன்" என்றாள். மெச்சிக்கொண்டேன்.

சோதனை நடக்கும் கிளினிக்குக்கு லீவு போட்டு அழைத்துப் போனேன். கதவைத் திறந்தவர் ஒரு தமிழ்ப் பெண். இருபத்தாறு வயது இருக்கும். பின்னல், சின்னப் பொட்டு, மூக்கு அடைத்த குரல். நம்மவள் என்றால் ஞாயிற்றுக்கிழமைக்குள் கோயில் முழுக்கத் தெரிந்துவிடும். பெண் பிள்ளை, நாளைக்கு ஒருவன் கேட்டு வரும்போது இது முன்னால் வந்து நிற்கும்.

"சீனவங்க யாராச்சும் ஆபீசர் இருக்காங்களா?" என்று கேட்டேன்.

அந்தப் பெண்ணுக்குப் புரிந்துவிட்டது. கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"இருக்காங்கக்கா. ஆனா பாப்பா தமிழ்ல யோசிச்சா அவங்களுக்குப் புரியாதுலா. நான் எங்கயும் சொல்ல மாட்டேன். சொன்னா என் வேலை போயிரும்."

வேலை போய்விடும் என்றதைத்தான் நம்பினேன். மகளை உள்ளே விட்டுவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவு சரியாகச் சாத்தவில்லை. கட்டைகள் மேசையில் விழும் சத்தம், அடுக்கும் சத்தம், பிறகு என் மகள் மேசையை உள்ளங்கையால் தட்டும் சத்தம் கேட்டது. இருபது நிமிடத்தில் கதவு திறந்தது. ஒரு மணி நேரம் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள்.

"பாப்பா, நீ போய் மீன் தொட்டியப் பாத்துக்கிட்டு இரு. அக்கா, நீங்க உள்ள வாங்க."

மேசையில் கட்டைகள் இன்னும் அடுக்கியபடி இருந்தன. மூலையில் சிவப்பு, நடுவில் வெள்ளை. எங்கள் வீட்டு மேசையில் மூன்று வாரம் அடுக்கிய அதே ஒழுங்கு.

"இத யாருக்கா சொல்லிக் குடுத்தா?"

"எத?"

"நான் கார்டத் திருப்புறதுக்கு முன்னாடியே அடுக்கிட்டா. நல்லாத்தான் அடுக்குனா. ஆனா இது என் பொட்டியில இருக்குற படமே இல்ல."

"அவ கெட்டிக்காரி."

"இருக்கலாம். ஆனா முடிச்சதும் மேசையத் தட்டி, 'பெர்ஹெந்தி'ன்னா. வீட்டுல யாருக்கா 'பெர்ஹெந்தி' சொல்றது?"

அவர் தன் தாளைப் புரட்டினார்.

"பக்கத்து வீட்டுல புகை வந்தா என்ன செய்வன்னு கேட்டேன். 'கல்லாவுல குடுப்பேன்'னா. சரின்னு பர்ஸ் கேள்விக்கே போனேன். என் பொட்டியில அது கடை இல்ல, ரோடு. ரோட்டுல பர்ஸ் கிடந்தா என்ன செய்வ? அதுக்கு மட்டும் அவளே யோசிச்சுச் சொன்னா. 'தொடக்கூடாது, சுத்திப் போயி, வீட்டுக்கு வந்து காலக் கழுவணும்.'"

எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே முச்சந்தியில் வாரம் ஒரு முறையாவது எலுமிச்சம்பழமோ சில்லறையோ சிவப்புத் துணியோ கிடக்கும். யாரோ சுற்றிக் கழித்தது. மிதிக்காதே, எதையும் எடுக்காதே என்று அவளுக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்து சொல்லி வளர்த்தேன்.

"புத்தகத்துல இதுக்கு மார்க் கிடையாதுக்கா," என்றார் அந்தப் பெண். "எங்கம்மாவும் எனக்கு அதான் சொல்லிக் குடுத்தாங்க. நானும் பெயில்தான்."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நட்பாகப் பேசி வாயைக் கிளறுகிறாள் என்று நினைத்தேன்.

"எவ்வளவு வந்திருக்கோ அப்படியே எழுதிக் குடுத்துருங்க."

"எதக்கா எழுதுறது? பாதி மேல நிக்குது, பாதி கீழ கிடக்குது. கூட்டிப் பாத்தா கோட்டுக்குக் கொஞ்சம் கீழ. எழுதுனா ஜனவரியில மாத்திருவாங்க. செல்லாதுன்னு எழுதுனா, ஹெட்மாஸ்டர் டீச்சர் சொல்ற மாதிரி முடிவு பண்ணிருவாரு."

அதாவது, நான் ஒன்றுமே செய்யாமல் இருந்திருந்தால் அவளுக்கு ஒரு வாய்ப்பு இருந்திருக்கும்.

"எனக்கு இப்போ உங்களத் தெரியுது, பாப்பாவத் தெரியல," என்றார் அவர். "அடுத்த வியாழக்கிழமை கூட்டிட்டு வாங்க. பரீட்சை இல்ல. சும்மா பேசணும்."

"பேசி? எல்லாத்தையும் அம்மா தலையில போடுவீங்க. நான் படிச்சிருக்கேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "என்ன படிச்சீங்க?"

கைப்பையிலிருந்து காலண்டர் உறை போட்ட புத்தகத்தை எடுத்து மேசையில் போட்டேன். அவர் பிரித்து, நான் மடக்கியிருந்த பக்கத்தைப் பார்த்தார்.

"இதெல்லாம் நடந்ததுதான்," என்றார். "நாங்களும் இதத்தான் படிச்சோம். பாதிக்கு மேல தப்புப் பண்ணினவங்க கதை. வியாழக்கிழமை வாங்கக்கா."

போகக் கூடாது என்றுதான் இருந்தேன். கணவர் அழைத்துப் போகிறேன் என்றார். அதையும் நான் நம்பவில்லை. அவர் அங்கே வளவளவென்று எல்லாம் சொல்லிவிடுவார். நானே போனேன். மறுபடியும் அதே பெஞ்ச், அதே சாத்தாத கதவு. இந்த முறை வேண்டுமென்றே சாத்தவில்லையோ என்று தோன்றியது. உள்ளே கறிபாப் வாசனை. இரண்டு பேரும் தின்றுகொண்டிருந்தார்கள். பூனை பற்றிப் பேச்சு ஓடியது. எவ்வளவு நேரம் என்று எனக்கே அலுத்துப்போனது. பிறகு அந்தப் பெண் கேட்டார்:

"டீச்சர் கேள்வி கேக்குறாங்கல்ல, உனக்கு விடை தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

சத்தம் இல்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து நொடி, இருபது, முப்பது. நாற்பத்து மூன்றாவது நொடியில் என் மகள் பேசினாள்.

"டைம் முடிஞ்சிருச்சு."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. யோசிச்சுப் பாக்குறதுக்குள்ள முடிஞ்சிரும்."

"எவ்வளவு நேரம் உனக்கு?"

"அஞ்சு."

"அஞ்சு நிமிஷமா?"

"இல்லக்கா. அஞ்சு செகண்ட். அதுக்கு மேல சொன்னா கணக்குல வராது."

முள் ஓடிக்கொண்டிருந்த என் மணிக்கட்டைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தப் பெண்ணின் மேல் குற்றம் தேடினேன். எவ்வளவு நேரம் என்று கேட்டதால்தானே இவள் ஐந்து என்றாள்? கேட்கும் விதமே விடையைச் செய்துவிடும் என்று அந்தப் புத்தகத்திலேயே இருந்தது. கறிபாப் கொடுத்தால் பிள்ளை எதையும் சொல்லும். கடிகாரம்தான் காரணம் என்றால், ஒன்றாம் வகுப்பிலேயே அல்லவா வாய் அடைத்திருக்க வேண்டும்? ஆறு மாதம் என்றுதானே கடிதத்தில் இருந்தது?

பஸ்ஸில் விரல் விட்டு எண்ணினேன். கடிதம் வந்தது செப்டம்பர். பத்து நொடியை ஐந்தாக்கியது மார்ச், முதல் தவணை விடுமுறையில்.

அந்தக் கணக்கை இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை, கணவரிடம்கூட. பிள்ளை முன்பு இதுபோன்ற படங்களைப் பார்த்திருப்பதால் முதல் சோதனையைக் கணக்கில் எடுக்க முடியாது, ஆறு மாதம் கழித்து மறுபடி சோதிக்கும்வரை அதே பள்ளியில் இருக்கட்டும், கேள்வி கேட்டால் ஆசிரியர் சற்றுக் காத்திருக்கட்டும் என்று அந்தப் பெண் அறிக்கை எழுதினார். என்னைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அதையும் இரண்டு முறை வாசித்தேன். தலைமையாசிரியர் அரை மனதோடு ஒரு தவணை பார்க்கலாம் என்றார்.

பெட்டியை அலுவலக அலமாரியின் அடித்தட்டில் திரும்ப வைத்தேன். ஸ்டாப்வாட்சையும் அதற்குள் போட்டுப் பூட்டினேன். கட்டைகளைக் கணவர் பூந்தொட்டிகளுக்கு முட்டுக் கொடுத்துவிட்டார்.

முதல் நாள் வீட்டுப்பாடத்துக்கு உட்கார்ந்ததும் மகள் மேசையைப் பார்த்தாள்.

"அம்மா, டைம் வைக்கலையா?"

"இல்ல."

நம்பவில்லை. எழுந்து பிஸ்கட் டின்னைத் தூக்கி அதன் பின்னால் பார்த்தாள். அடுத்த நாள் சோற்றுப் பானைப் பக்கம் பார்த்தாள். மூன்றாம் நாள் என் கைப்பையைத் திறந்தாள். எங்கோ மறைத்து வைத்து ஓட்டுகிறேன் என்று நினைத்திருக்கிறாள். யாரிடம் கற்றாள் அந்தப் பார்வையை என்று கேட்கவா வேண்டும்? ஒரு மாதத்துக்கு மேல் தேடினாள்.

பிப்ரவரி கடைசியில் பள்ளி வாசலில் அவள் வகுப்பு ஆசிரியை, நல்ல மனதுள்ள மலாய்க்காரப் பெண்மணி, என்னை நிறுத்தினார். ஏழெட்டு எவ்வளவு என்று அன்று கேட்டாராம். வகுப்பே கையைத் தூக்கியதாம். அவர் யாரையும் கூப்பிடாமல், இவளைப் பார்த்துக்கொண்டே நின்றாராம். கடைசியில் ஐம்பத்து நான்கு என்று சத்தமாகச் சொன்னாளாம்.

"தப்பு," என்று மலாயில் சொல்லிச் சிரித்தார் ஆசிரியை. "ஆனால் சொல்லிவிட்டாள்."

வீட்டில் கணவரிடம் சொன்னேன். "ஐம்பத்தாறு இல்லையா?" என்றார். "பரவாயில்ல, ரெண்டுதானே கம்மி."

ஏப்ரலில் மறுசோதனை. முந்தின நாள் அவளே கேட்டாள், பிராக்டிஸ் இல்லையா என்று. இல்லை என்று சொல்வதற்கு நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அன்று கதவு நன்றாகச் சாத்தியிருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. ஒன்றரை மணி நேரம் மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு வாரத்தில் பள்ளிக்குக் கடிதம் போனது, மாற்றம் தேவையில்லை. அவள் தன் வகுப்பிலேயே இருந்தாள்.

மதிப்பெண் எவ்வளவு என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். சொல்ல மறுத்துவிட்டார்.

"நம்பரச் சொன்னா நீங்க அதுக்கு டியூஷன் குடுப்பீங்கக்கா."

விளையாட்டாகச் சொன்னதாகத்தான் எடுத்துக்கொண்டேன். ஆனால் அந்த எண் எங்கோ ஒரு கோப்பில், ஓர் அலமாரியில் இருக்கிறது. அலமாரிகளை எனக்குத் தெரியும். என் கையால் எழுதி அடுக்கிய எண்கள் எத்தனை இருக்கும்? ஊசி செருகத் தாமதமானவர்கள், காரணமில்லாமல் பயம் வருவதுண்டு என்று உண்மையைச் சொன்னவர்கள். மறுசோதனைக்கு அடுத்த திங்கட்கிழமை கேன்டீனில் மூன்றாவது வரிசையில் ஒரு பெண், நான் "மூலாய்" சொன்ன பிறகும் பென்சிலைத் தொடாமல் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடிகாரத்தை நிறுத்தினேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. நிறுத்தவில்லை. முள் ஓடியது. அவள் பெயர் கோட்டுக்குக் கீழே போனது. அந்த வேலையில் அதற்குப் பிறகும் ஏழு வருடம் இருந்தேன்.

மகள் இப்போது பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவம் படிக்கிறாள். நன்றாகவே படிக்கிறாள். பேசுவதில் மட்டும் அவசரம் கிடையாது. போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, மேற்படிப்புக்கு என்ன எடுக்கப் போகிறாய் என்று கேட்டேன். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தாள். ஐந்தாவது நொடியில் நான் வாயைத் திறக்கப் போனேன். கணவர் மேசைக்கு அடியில் என் காலை மெல்ல மிதித்தார். பத்து, பதினைந்து. மேசையில் கடிகாரம் இல்லை. சுவரில் இருப்பதற்கும் முதுகைக் காட்டித்தான் உட்காருகிறேன். இருந்தும் எண்ணுகிறேன்.

இருபத்திரண்டில் பேசினாள்.

"இன்னும் தெரியலம்மா," என்றாள். சொல்லிவிட்டு என் கையைப் பார்த்தாள், அதில் ஏதாவது இருக்கிறதா என்று.